மலைவீட்டில் நாயும் பூனையும்: நீலகிரிக்குப் புதிதாகக் குடிவருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நீலகிரிக்குக் குடிவருபவர்களில் பலர் சமவெளியில் வளர்த்த நாயையோ பூனையையோ உடன் அழைத்து வருகிறார்கள். வேறு சிலர், தோட்டத்துடன் கூடிய வீடு கிடைத்ததும், நெடுநாளாக எண்ணியிருந்தபடி ஒரு குட்டியை எடுத்து வளர்க்கத் தொடங்குகிறார்கள். இரு சாராருக்கும், கோயம்புத்தூரிலோ சென்னையிலோ பழகிய முறைகளில் பாதி இங்கே பொருந்தாது. குளிர் மட்டும் அதற்குக் காரணமன்று. இங்குள்ள பல வீடுகளின் வேலிக்கு அப்பால் தேயிலைத் தோட்டமும் அதற்கும் அப்பால் சோலையும் இருக்கின்றன. இரண்டிலும் சிறுத்தையும் கரடியும் காட்டெருமையும் காட்டுப்பன்றியும் நடமாடுகின்றன. இரவில் வாசலில் விட்ட சோற்றுத் தட்டு, திண்ணையில் கட்டிப்போட்ட நாய், தடுப்பூசி போடாத குட்டிக்கு வந்த நோய், ஆழம் போதாத குழியில் புதைத்த உடல் ஆகிய ஒவ்வொன்றும் காட்டைச் சென்று சேரக்கூடியவை. இந்த எண்ணத்தை விடாமல் பிடித்துக்கொண்டுதான் கீழ்வரும் படிகளை எழுதியிருக்கிறேன்.

முதல் படி: குட்டி வருவதற்கு முன்

வாடகை வீடாக இருந்தால், பிராணி வளர்ப்பதற்கு உரிமையாளரின் சம்மதத்தை முன்பே கேட்டுப் பெறுங்கள். குட்டி வந்து பழகிய பிறகு வீடு மாற நேர்ந்தால் துன்பப்படுவது அதுதான். அடுத்து, இரவில் அது எங்கே படுக்கும் என்பதை முடிவு செய்யுங்கள். இந்தக் கேள்விக்கு "வீட்டுக்குள்ளே" என்ற விடையைத் தர இயலாதவர்கள், இந்த மலையில் நாய் வளர்க்கும் எண்ணத்தைத் தள்ளிப்போடுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. ஆளுயரச் சுற்றுச்சுவரைச் சிறுத்தை ஒரே தாவலில் கடந்துவிடும். ஆகையால் சுவர் இருக்கிறது என்ற தைரியத்தில் நாயை வெளியே விட்டு உறங்கக் கூடாது.

எந்த இனத்தை வளர்ப்பது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது நாட்டுநாய்க் குட்டியைத்தான். ஊர்த்தெருவில் பிறந்து, தாயிடம் குறைந்தது எட்டு வாரமாவது பால் குடித்த குட்டி இந்த மண்ணின் குளிருக்கும் மழைக்கும் ஓரளவு பழகியே வளர்ந்திருக்கும். இராஜபாளையமும் சிப்பிப்பாறையும் நம் பெருமைக்குரிய இனங்கள் என்றாலும், அவை வெப்பமான சமவெளிக்கு ஏற்ற குட்டை ரோமமும் ஒல்லியான உடலும் கொண்டவை. ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியின் உறைபனிக் காலத்தை அவை கம்பளி இல்லாமல் தாங்குவது கடினம். கூடலூர் போன்ற தாழ்ந்த பகுதிகளில் இந்தக் கவலை குறைவு.

இரண்டாம் படி: மருத்துவரும் தடுப்பூசியும்

குட்டி வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே அதைக் கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் ஆகிய ஊர்களில் அரசு கால்நடை மருத்துவம் கிடைக்கிறது. நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்க 1962 என்ற எண் இருக்கிறது. இருப்பினும், அறுவைச் சிகிச்சையோ ஸ்கேனோ தேவைப்படும் நோய்களுக்குக் கோயம்புத்தூருக்கு இறங்க வேண்டிவரலாம் என்பதையும், மழைக்காலத்தில் மேட்டுப்பாளையம் சாலை மண்சரிவால் அடைபடுவதுண்டு என்பதையும் நினைவில் வைத்து, அன்றாடம் தரவேண்டிய மருந்தும் தீவனமும் எப்போதும் இரண்டு வாரத்துக்குக் கையிருப்பில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

நாய்க்குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் டிஸ்டம்பர், பார்வோ முதலிய தொற்றுநோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி தொடங்கும். மூன்று, நான்கு வார இடைவெளியில் அதைத் திரும்பப் போட்டு, பதினாறாம் வாரம் வரை தொடர வேண்டும். ஒரு ஊசியோடு நிறுத்திவிட்டு "போட்டாயிற்று" என்று இருந்துவிடுவதால்தான் மூன்று மாதக் குட்டிகள் பல, இரத்தக் கழிச்சலில் இறந்துபோகின்றன. எலியின் சிறுநீர் கலந்த மழைநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் நோய்க்கான ஊசியை, இவ்வளவு மழை பெய்யும் ஊரில் தவிர்க்க வேண்டாம். வெறிநோய்த் தடுப்பூசி மூன்றாம் மாதத்தில் போடப்படும்; அதன்பின் மருத்துவர் சொல்லும் நாளில் மறு ஊசியும் ஆண்டுதோறும் ஒரு ஊசியும் உண்டு. பூனைக்கும் இரண்டாம் மாதம் முதல் அதற்குரிய கூட்டுத் தடுப்பூசியும், மூன்றாம் மாதத்தில் வெறிநோய் ஊசியும் தேவை. குடற்புழு மருந்தை ஆறு மாதம் வரை மருத்துவர் குறித்துத் தரும் நாட்களிலும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் கொடுங்கள்.

வெறிநோயைப் பொறுத்தவரை இந்த மலைக்கு ஒரு பழைய வரலாறே உண்டு. குன்னூரில் 1907-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பாஸ்டர் நிறுவனம், வெறிநாய்க்கடிக்கு மருத்துவம் செய்வதற்கென்றே தென்னிந்தியாவுக்காக நிறுவப்பட்டது. இன்று ஊட்டியில் டபிள்யூ.வி.எஸ். (உலகளாவிய கால்நடை மருத்துவச் சேவை) அமைப்பின் பயிற்சி மையம், தெருநாய்களுக்குக் கருத்தடை செய்வதிலும் தடுப்பூசி போடுவதிலும் ஈடுபட்டிருக்கிறது. நம் வீட்டு நாய்க்கு ஊசி போடாமல் விட்டால், அந்த உழைப்பில் ஒரு ஓட்டையை நாமே உண்டாக்குகிறோம். டிஸ்டம்பரின் கதை இன்னும் சற்று நீளமானது: அந்த நோய் வீட்டு நாயிடமிருந்து செந்நாய்க்கும் தொற்றும். முதுமலையை ஒட்டிய ஊர்களில் நாய் வளர்ப்பவர் தம் நாய்க்குத் தடுப்பூசி போடும்போது, தாம் ஒருநாளும் நெருங்கிப் பார்த்திராத ஒரு செந்நாய்க் கூட்டத்துக்கும் காவல் செய்கிறார்.

ஆறு மாதம் நெருங்கும்போது கருத்தடைக்கு நாள் கேளுங்கள். பெண்பூனை நாலைந்து மாதத்திலேயே சினையாகக்கூடும் என்பதால் பூனை வளர்ப்பவர்கள் இன்னும் முன்னதாகவே பேசிவைப்பது நல்லது.

மூன்றாம் படி: சாப்பாடு

புதிதாக வளர்ப்பவர்களுக்கு அதிகக் குழப்பம் தருவது இதுதான். நாய்க்குட்டிக்கு நான்கு மாதம் வரை ஒரு நாளில் மூன்று அல்லது நான்கு வேளையும், ஆறு மாதம் வரை மூன்று வேளையும், அதன்பின் காலை மாலை என இரண்டு வேளையும் உணவு தர வேண்டும். பத்து கிலோ எடையுள்ள, சாதாரணமாக ஓடியாடும் வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 600 கலோரி தேவைப்படும். வேகவைத்த எலும்பில்லாத கோழிக்கறி 200 கிராமும் சோறு 200 கிராமும் சேர்ந்தால் கிட்டத்தட்ட அந்த அளவு வந்துவிடும். இங்கே விளையும் கேரட்டையும் பீன்ஸையும் சிறிது வேகவைத்து மசித்துச் சேர்க்கலாம். சோற்றுக்குப் பதில் சில நாட்கள் ராகிக் களி தருவதிலும் தவறில்லை. அளவு சரிதானா என்பதைத் தட்டில் பார்க்க வேண்டாம். விலாவைத் தடவிப் பாருங்கள். விரலை இலேசாக அழுத்தினால் விலா எலும்புகள் ஒவ்வொன்றாகத் தட்டுப்பட வேண்டும். கண்ணுக்கே துருத்திக்கொண்டு தெரிந்தால் உணவு போதவில்லை, அழுத்தியும் தட்டுப்படாவிட்டால் உணவு மிகுந்துவிட்டது.

கறியும் சோறும் மட்டுமே உண்டு வளரும் குட்டிக்குச் சுண்ணாம்புச் சத்து கிடைப்பதில்லை. எலும்பில்லாத இறைச்சியிலும் அரிசியிலும் அது மிகக் குறைவாக இருப்பதால், வளரும் கால்கள் வளைந்துபோகும் அபாயம் உண்டு. ஆகவே ஒரு வயது வரை உணவில் பாதிக்கு மேல் குட்டிகளுக்கென்றே செய்யப்பட்ட உலர்தீவனமாக இருக்கட்டும். முழுவதும் வீட்டுச் சாப்பாடுதான் என்றால் சுண்ணாம்புச் சத்தை எந்த அளவில் சேர்ப்பது என்று மருத்துவரிடம் கேளுங்கள். உலர்தீவனம் மட்டுமே தின்னும் குட்டிக்குக் கால்சியம் மருந்தைக் கூடுதலாக ஊற்றுவதும் கெடுதலே. கறிக்கடையில் மலிவாகக் கிடைக்கும் ஈரலை வாரத்துக்கு ஓரிரு முறை, சிறிதளவு மட்டும் கொடுங்கள். வேகவைத்த எலும்பை எந்த வயதிலும் தராதீர்கள். வெந்த எலும்பு கூரான சில்லுகளாக உடைந்து குடலைக் கிழித்துவிடும்.

குழம்பு ஊற்றிப் பிசைந்த மிச்சச் சோற்றை நாய்க்குப் போடுவது நம் வீடுகளில் நெடுநாள் வழக்கம். அதில் வெங்காயமும் பூண்டும் இருக்கும்; இரண்டும் நாய், பூனை இரண்டின் இரத்தச் சிவப்பணுக்களையும் அழிப்பவை, பூனைக்கு இன்னும் கடுமையானவை. திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஊட்டியில் விருந்தாளிகள் வந்துபோகும் வீடுகளில் எல்லாம் மேசை மேல் கிடக்கும் சாக்லேட் பெட்டி நாய்க்கு நஞ்சாகும். பத்து கிலோ நாய்க்கு ஐம்பது கிராம் கறுப்புச் சாக்லேட்டே வாந்தியும் படபடப்பும் வரப் போதும், அதற்கு மேல் போனால் வலிப்பு வரலாம். வர்க்கி நஞ்சன்று, ஆனால் மைதாவும் கொழுப்பும் நிறைந்த அதை நாள்தோறும் தேநீர் வேளையில் பிய்த்துப் போட்டு நாயைப் பருக்கவைத்த வீடுகள் பல. வடிகட்டிய தேயிலைச் சக்கையைக் கொல்லையில் கொட்டுபவர்கள், அதை நாய் கிளறாதபடி மண்ணால் மூட வேண்டும். சக்கையிலும் காஃபின் மிச்சமிருக்கும்.

பூனையின் சாப்பாடு நாயின் சாப்பாட்டிலிருந்து அடியோடு வேறுபட்டது. பூனை இறைச்சியுண்ணி, டாரின் என்னும் சத்தைப் போதிய அளவில் தன் உடலிலேயே உண்டாக்கிக்கொள்ள அதனால் இயலாது. அந்தச் சத்து இறைச்சியிலும் மீனிலும்தான் உண்டு என்பதால், பாலும் சோறும் மட்டும் தின்று வளரும் பூனைக்குக் காலப்போக்கில் இதயமும் கண்ணும் பழுதாகும். மேலும், வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை. பூனைக்கென்றே தயாரித்த தீவனத்தை அடிப்படையாக வைத்து, வேகவைத்த கோழியையும் முள் நீக்கிய மீனையும் இடையிடையே சேர்ப்பதே எளிய வழி. பூனை இயல்பிலேயே தண்ணீர் குறைவாகக் குடிக்கும் பிராணி. குளிர் மிகுந்த மாதங்களில் இன்னும் குறைத்துவிடும். ஆண்பூனைக்கு இதனால் சிறுநீர்ப் பாதை அடைபடும் அபாயம் கூடுகிறது. கழிப்பதற்கு வைத்த மணல் தட்டில் அடிக்கடி குந்தி, முனகி, ஒரு சொட்டும் வராமல் எழுந்துவரும் ஆண்பூனையை அன்றே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். இரண்டு மூன்று நாள் தாமதித்தால் பிழைக்காது. தண்ணீரை இளஞ்சூடாக்கி வைப்பதும், உலர்தீவனத்துடன் ஈரமான உணவைச் சேர்ப்பதும் பயன் தரும். இரண்டு நாளாக எதையும் தொடாத பூனையை, "கோபத்தில் இருக்கிறது" என்று விட்டுவிடாதீர்கள். பட்டினியால் அதன் ஈரல் கெடத் தொடங்கும்.

உணவைக் கொடுக்கும் இடமும் நேரமும் மலையில் உணவைப் போலவே முக்கியமானவை. வீட்டுக்குள்ளேயே கொடுங்கள், இருபது நிமிடத்துக்குப் பிறகு, மிச்சம் இருந்தாலும் தட்டை எடுத்துக் கழுவிவிடுங்கள். கோத்தகிரிப் பக்கத்தில் ஒரு வீட்டின் பின்திண்ணையில் காலையில் நான் பார்த்த அலுமினியத் தட்டு, இரண்டாக மடங்கி, விளிம்பில் பற்கள் அழுத்திய குழிகளோடு, கழுவியது போல் வெறுமையாகக் கிடந்தது. அருகே கதவின் அடிப்பலகையில் நீண்ட நகக்கீறல்கள். கரடியின் மோப்பம் மிகக் கூர்மையானது. ஒருமுறை சோறு கிடைத்த வாசலுக்கு அது திரும்ப வரும். அடுத்த முறை சமையலறையில் எண்ணெயையும் வெல்லத்தையும் தேடிக் கதவை உடைக்கும். தீவன மூட்டையைத் திண்ணையிலோ விறகுக் கொட்டகையிலோ வைக்காமல், மூடி இறுக்கமான இரும்புப் பெட்டியில் உள்ளே வையுங்கள்.

நான்காம் படி: ஆறு மணிக் கதவு

தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அம்மாள் ஒருவர், புதிதாகக் குடிவந்த பெண்ணிடம் சொன்னதைக் கேட்டிருக்கிறேன்: "அம்மா, நாயை ஆறு மணிக்கு மேல வெளிய விடாதீங்க. காலையிலயும் நல்லா வெளிச்சம் வந்த பொறவு தொறங்க." எத்தனை பக்கம் எழுதினாலும் இதற்கு மேல் சேர்ப்பதற்கு அதிகமில்லை. ஊரை ஒட்டி வாழும் சிறுத்தைக்கு நாய் எளிய இரை. சங்கிலியில் கட்டிய நாயால் ஓடவும் இயலாது, ஒளியவும் இயலாது. காவலுக்கென்று அதை வாசலில் கட்டுபவர் உண்மையில் இரையைக் கட்டி வைக்கிறார். நாய் இரவில் வெளியே இருந்தே ஆக வேண்டிய வீட்டில், வீட்டுச் சுவரோடு ஒட்டி, சிமெண்டுத் தரையும், நான்கு பக்கமும் மேலேயும் தடித்த வெல்டு கம்பிவலையும், உள்ளே சுழன்று படுக்க ஒரு மரப்பெட்டியும் உள்ள கூண்டைக் கட்டுங்கள். கூரையில்லாத கூண்டால் பயனில்லை.

இரவில் சிறுநீர் கழிக்க அழைத்துச் செல்ல நேர்ந்தால், முதலில் வெளிவிளக்கைப் போட்டு, டார்ச்சால் புதர்களையும் சுவரின் மேற்புறத்தையும் பார்த்து, பிறகு வாரில் பிடித்தபடி வாசலருகிலேயே நின்று முடித்துத் திரும்புங்கள். நாய் வாசலில் கால் ஊன்றி, ரோமம் சிலிர்த்து, வெளியே வர மறுத்தால் அதை இழுக்காதீர்கள். அதற்குத் தெரிவது நமக்குத் தெரியாது.

பூனையையும் மாலையில் உள்ளே அழைத்து, மணல் நிரப்பிய தட்டில் கழிக்கப் பழக்குங்கள். பூனையை வீட்டோடு வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நீலகிரிச் சிரிப்பான் போன்ற, இந்த மலையை விட்டால் வேறெங்கும் காண இயலாத பறவைகள் தரையோடும் தாழ்ந்த புதர்களோடும் இரை தேடுபவை. வயிறு நிறைந்த பூனையும் வேட்டையாடும். பகலில் வெளியே விட விரும்புவோர் திண்ணையைக் கம்பிவலையால் அடைத்து அதற்குள் விடலாம்.

ஐந்தாம் படி: நடையும் வழியில் வரும் தொல்லைகளும்

தேயிலைத் தோட்டத்துப் பாதையில் நாயை அவிழ்த்து ஓடவிடும் ஆசை எல்லோருக்கும் வரும். விடாதீர்கள். ஒரு டன் எடை வரை வளரும் காட்டெருமை பெரும்பாலும் மனிதனைக் கண்டால் விலகிப்போகும். ஆனால் நாய் குரைத்துக்கொண்டு அதன் காலடியில் ஓடினால் திரும்பித் துரத்தும். துரத்தப்பட்ட நாய் ஓடி ஒளிவது உங்கள் காலுக்குப் பின்னால்தான். மேலும், காட்டுப்பன்றிக்கென்று சிலர் சட்டத்துக்குப் புறம்பாக வைக்கும் சுருக்குக் கம்பியும், கடித்தால் வெடிக்கும் அவுட்டுக்காயும் தோட்ட ஓரங்களில் இருக்கக்கூடும். தரையில் கிடக்கும் எதையும் கவ்வாமல் இருக்க நாயைச் சிறு வயதிலேயே பழக்குங்கள். சுருக்கில் மாட்டிய நாயை இழுக்காமல், வாயைத் துணியால் இலேசாகக் கட்டி, கம்பியை வெட்டி விடுவியுங்கள். தோல் கிழியாமல் இருந்தாலும் கம்பி இறுகிய இடத்தில் சதை சில நாட்கள் கழித்து அழுகக்கூடும் என்பதால் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். முள்ளம்பன்றியின் முள் தைத்திருந்தால் அதை வெட்டவும் வேண்டாம், பிடுங்கவும் வேண்டாம். மயக்க மருந்து கொடுத்து எடுப்பதே முறை.

மழைக்காலத்து நடைக்குப் பின் விரலிடுக்கு, காது மடல், கண்ணோரம் ஆகிய இடங்களில் அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். அட்டையை விடுவிக்கச் சிலர் தடவும் சுண்ணாம்பும் புகையிலையும் நாயின் தோலைப் புண்ணாக்கும். நகத்தால் அட்டையின் வாய்ப்பக்கத்தை ஒட்டி மெதுவாகத் தள்ளினாலே விட்டுவிடும். இரத்தம் உறையாதபடி அட்டை ஒரு பொருளைச் செலுத்துவதால் கசிவு சில மணி நேரம் நீடிக்கலாம். சுத்தமான துணியால் அழுத்திக் கட்டினால் போதும். உண்ணி அப்படிப்பட்டதன்று, அது இரத்தத்தில் நோய்க்கிருமியை விட்டுச் செல்லும். மசினகுடி, கூடலூர் போன்ற வெப்பமான பகுதிகளுக்கு நாயை அழைத்துப் போய்வந்த சில வாரங்களுக்குள் காய்ச்சலும், சோர்வும், ஈறு வெளுத்துப்போவதும் தெரிந்தால் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைப் பூனை மேல் ஒருபோதும் போடக் கூடாது. நாய் மருந்துகள் சிலவற்றில் உள்ள பெர்மெத்ரின் பூனையைக் கொன்றுவிடும்.

ஆறாம் படி: குளிரும் வீட்டுக்குள் இருக்கும் நஞ்சும்

படுக்கை தரையில் படாமல் நாலு விரற்கடை உயர்ந்திருக்க வேண்டும். மரப்பலகை மேல் சாக்கும் பழைய கம்பளியும் போட்டால் போதும். சாக்கை வாரம் ஒருமுறை வெயிலில் காய வையுங்கள். மழையில் நனைந்த நாயை ஈரத்தோடு படுக்க விடாதீர்கள். குளிருக்காகக் கரி அடுப்பைப் பூட்டிய அறைக்குள் வைத்துக்கொண்டு உறங்குவது மனிதர்களின் உயிரையும் குடித்திருக்கிறது. அதே அறையில் படுத்திருக்கும் நாயும் பூனையும் தப்புவதில்லை.

நமக்குத் தரும் பாராசிட்டமால் மாத்திரையில் ஒன்றே பூனையைக் கொல்லப் போதும். காய்ச்சலென்று எண்ணி எந்த மாத்திரையையும் உடைத்துக் கொடுக்காதீர்கள். உருளைக்கிழங்குக் கிடங்குகளிலும் வீடுகளிலும் வைக்கும் எலி மருந்தைத் தின்ற நாய் முதல் ஓரிரு நாட்கள் நன்றாகவே இருக்கும், பிறகு உள்ளே இரத்தம் கசியும்; தின்றது தெரிந்த உடனே மருந்துப் பொட்டலத்தையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். மலைத் தோட்டங்களில் வேலியோரம் தலைகீழாகத் தொங்கும் எக்காளப் பூச்செடி ஊமத்தையின் உறவு, நஞ்சு மிக்கது. பூனை இருக்கும் வீட்டில் லில்லி மலரைக் குவளையில் வைக்காதீர்கள். அதன் மகரந்தத்தை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் செயலிழக்கும்.

நாயோ பூனையோ கடித்தாலும் கீறினாலும், அது உங்கள் வீட்டுப் பிராணியாகவே இருந்தாலும், காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, மஞ்சளோ காப்பித்தூளோ அப்பாமல் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஊசி அங்கே இலவசம். முதல் நாள் தொடங்கி, மருத்துவர் எழுதித்தரும் எல்லாத் தவணைகளையும் முடிக்க வேண்டும்.

ஏழாம் படி: முதுமையும் பிரிவும்

பெரிய நாய்கள் ஏழெட்டு வயதிலும், சிறிய நாய்களும் பூனைகளும் பத்து வயதை ஒட்டியும் முதுமையை எட்டுகின்றன. மூட்டுவலி உள்ள கிழட்டு நாய்க்கு இந்த மலையின் பனிக்கால விடியல்கள் கொடுமையானவை. காலையில் எழ முடியாமல் தடுமாறுவதைச் சோம்பலென்று எண்ணாமல், கனமான மெத்தையும் மருத்துவர் தரும் வலி மருந்தும் ஏற்பாடு செய்யுங்கள். முதுமையில் மோப்பம் மங்குவதால் உணவை இளஞ்சூடாக்கினால் வாசனை எழுந்து, ஓரிரு வாயாவது தின்னும். சிறிது சிறிதாகப் பல வேளை கொடுங்கள். முதிய பூனை திடீரென நிறையத் தண்ணீர் குடிக்கத் தொடங்கினால் சிறுநீரகத்தைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

குணமாகாத நோயில், நல்ல நாட்களைவிடத் துன்பமான நாட்கள் மிகுந்துவிட்டனவா என்பதை ஒரு நாட்காட்டியில் குறித்து வாருங்கள். சாப்பாட்டை மறுப்பது, மூச்சுக்குப் போராடுவது, தன் கழிவிலிருந்து நகர முடியாமல் கிடப்பது, உங்கள் குரலுக்குத் திரும்பாதது ஆகியவை தொடர்ந்து குறிக்கப்பட்டால், ஊசி போட்டு உறங்க வைப்பதைப் பற்றி மருத்துவரிடம் பேசுவதற்குக் காலம் வந்துவிட்டது. அந்த முடிவை எடுப்பவர்கள் தம்மைக் கொலைகாரராக எண்ணி வருந்துவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். வலியில் கிடக்கும் பிராணிக்காக இந்தப் பொறுப்பை ஏற்பது அன்பின் கடமை என்றே நான் நம்புகிறேன். பெரும்பாலும் முதலில் மயக்க ஊசி போடுவார்கள். அது உறங்கிய பிறகே இரண்டாவது ஊசி. உயிர் பிரிந்த பின்னும் கண் திறந்தே இருக்கலாம், ஒரு பெருமூச்சு வரலாம், சிறுநீர் வெளியேறலாம். இவற்றை முன்பே அறிந்திருந்தால், அது இன்னும் துன்பப்படுகிறதோ என்ற பயம் வராது. தலையை மடியில் வைத்துக்கொண்டு அருகிலிருங்கள்.

சில மணி நேரத்தில் உடல் விறைத்துவிடும் என்பதால், அதற்கு முன் கால்களை மடக்கி, உறங்கும் நிலையில் பருத்தித் துணியில் சுற்றுங்கள்; பிளாஸ்டிக் வேண்டாம். குழி ஒரு மீட்டருக்குக் குறையாத ஆழம் இருக்க வேண்டும். ஊற்றுக்கும் ஓடைக்கும் கிணற்றுக்கும் விலகிய, மழைநீர் அரிக்காத மேட்டில் தோண்டுங்கள். காட்டுப்பன்றியும் கரடியும் கிளறாதபடி, மண்ணை மிதித்து இறுக்கி, மேலே பெரிய கற்களை அடுக்குங்கள். உடலைச் சோலைக்குள் போடுவது எந்த நிலையிலும் தகாது. ஊசி போட்டு உறங்க வைத்த உடலாக இருந்தால் அது மேலும் பெரிய தீங்கு. அந்த மருந்து இறந்த உடலில் அழியாமல் தங்கியிருக்கும். அதைத் தின்னும் பிராணியும் பறவையும் இறக்கக்கூடும். மாயாறுப் பள்ளத்தாக்கில், இறந்த உடல்களைத் தின்னும், இந்தியா முழுவதும் அருகிப்போன பாறுக்கழுகுகள் இன்னும் கூடு கட்டி வாழ்கின்றன என்பதை எண்ணிப் பாருங்கள். சொந்த நிலம் இல்லாதவர்கள் நகராட்சியிடமோ மருத்துவரிடமோ கேட்டு இடம் அறியலாம். வெறிநோயென்ற சந்தேகத்தில் இறந்த பிராணியின் உடலைத் தொடாமல், உடனே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும்.

சிறுத்தை கொண்டுபோன நாய்க்கு உடலே கிடைக்காமல் போகலாம். இந்த மலைக்கே உரிய இந்தத் துயரம், மற்ற மரணங்களைவிட ஆறுவதற்கு நாளாகிறது; திரும்பி வந்துவிடுமோ என்று வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். இரத்தக்கறையைப் பின்பற்றிப் புதருக்குள் போகாதீர்கள். இரையருகே சிறுத்தை படுத்திருக்கலாம், மிச்சத்தைத் தின்ன இரவில் திரும்பவும் வரலாம். விடிந்ததும் வனச்சரக அலுவலகத்துக்குத் தெரிவித்து, அவர்களோடு சென்று பாருங்கள். மனம் கொதித்து மிச்ச உடலில் நஞ்சு வைப்பவர்கள் உண்டு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது கடுங்குற்றம். மேலும், அந்த நஞ்சு சிறுத்தையோடு நிற்காது. எதுவும் கிடைக்காவிட்டாலும், கழுத்துப் பட்டையையோ கம்பளித் துண்டையோ வைத்து ஒரு செடி நட்டு, அதற்கென்று ஒரு நாளைக் குறிப்பது வீட்டாருக்கு ஆறுதல் தரும்.

குழந்தைகளிடம் "எஸ்டேட்டுக்கு அனுப்பிவிட்டோம்" என்று சொல்லாதீர்கள். இறந்துவிட்டது, இனி வராது என்று தெளிவாகச் சொல்லி, அழ விடுங்கள்; குழியில் பூப்போடக் கேட்டால் அழைத்துச் செல்லுங்கள். தனியே வாழும் முதியவரின் நாய் இறந்தால், முதல் சில மாலைகளில் அந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்திருப்பது அண்டை வீட்டாரின் கடமை. வீட்டில் இன்னொரு நாயோ பூனையோ இருந்தால், தொற்றுநோயில் இறந்ததாக இல்லாதவரை, உடலை முகர்ந்து பார்க்க விடுங்கள். அதன்பின் சில நாட்கள் அது சாப்பாட்டைக் குறைத்து, வீடெங்கும் தேடித் திரியலாம். உணவு வேளையையும் நடை வேளையையும் மாற்றாமல் வைத்திருங்கள். பூனை இரண்டாம் நாளும் உண்ணாவிட்டால் முன்பு சொன்னபடி மருத்துவரிடம் காட்டுங்கள்.

அடுத்த குட்டியை எப்போது எடுப்பது என்பதை உறவினர்கள் முடிவு செய்ய விடாதீர்கள். இறந்ததன் பெயரையே புதியதற்கும் வைக்கத் தோன்றாத நிலை வரும் வரை காத்திருப்பதே நல்லது. முந்தையது பார்வோவில் இறந்திருந்தால், அந்தக் கிருமி ஈரமும் நிழலும் நிறைந்த மண்ணில் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். அப்படிப்பட்ட வீட்டுக்குத் தடுப்பூசி வரிசையை முழுதும் முடித்த குட்டியையோ, வளர்ந்த நாயையோதான் கொண்டுவர வேண்டும். தரையையும் தட்டையும் முதலில் சோப்பால் கழுவி, பிறகு ஒரு பங்கு பிளீச்சுக்கு முப்பது பங்கு நீர் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடையுங்கள். பழைய சாக்கையும் கம்பளியையும் எரித்துவிடுங்கள். மிச்சமிருக்கும் மாத்திரைகளைக் குப்பையில் வீசாமல் மருந்தகத்தில் ஒப்படையுங்கள். பிரிக்காத தீவன மூட்டை இருந்தால், தெருநாய்க் குட்டிகளை வளர்க்கும் வீட்டாருக்கு அது பயன்படும்.